பதினோராம் மைல் கல்

தொரையின் வண்டியைப் பாப்பிரெட்டிப்பட்டியில் எல்லாரும் வூட்டு வண்டி என்றுதான் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தால் சாதாரண வேன். கதவைத் திறந்தால் கட்டில், மெத்தை, ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி, கை கழுவத் தொட்டி, இரண்டு அடுப்பு, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மேசை. கப்பலில் வந்த வண்டி. பஞ்ச காலத்தில் கிணறு வெட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரத் தொரை, ஏழெட்டு வருசம் இந்தப் பக்கத்துப் பாறையை வெடி வைத்துப் பிளந்துவிட்டு, எழுபத்து மூணாம் வருசம் தன் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். போவதற்கு முன்னால் பெண்சாதியோடு மலை ஏரிகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஏற்காடு, ஊட்டி, கடைசியாகக் கொடைக்கானல்.

கூடப் போகக் கஸ்பாரைக் கூப்பிட்டார். கஸ்பார் அவரிடம் கடப்பாரை ஆள். அவன் பெண்சாதி மிக்கேலம்மாள் தொரை வீட்டில் சமையல்; அவளையும் வரச் சொன்னார்.

“ஏ மிக்கேலா, அந்த வண்டிக்குள்ளயே கக்கூஸும் இருக்குதாமே?” என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் வந்து கேட்டாள்.

“இருக்குது. வாளிய எடுத்துக்கிட்டு நீயும் வா, ஆள் தேவைப்படுது.”

“அய்ய, நாத்தம் புடிச்சவளே! குந்தறதுக்குச் சொந்த வூடு இல்லாத சனம் நாம. அவங்க வூட்டையே ஓட்டிக்கிட்டுத் திரியறாங்க பாரு.”

மிக்கேலம்மாளுக்கு முதலில் போக மனசே இல்லை. “மலையில எனக்கு என்ன கெடக்குது? கல்லும் மண்ணும் சுமந்து பாத்த மலை பத்தாதா?” என்று சொல்லிவிட்டாள். கொடைக்கானல் என்ற பேரைக் கஸ்பார் சொன்னதும், தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த ரோட்டு வழியாவா?”

“ஊட்டியில இருந்து வந்தா அதுதான் ரோடு.”

“நிக்கச் சொல்லுவியா?”

“தொரைகிட்டச் சொல்லிட்டேன். அரைமணி நேரம் நிக்கறேன்னாரு.”

“கல்லு இருக்குமா?”

“நட்ட கல்லு நவுருமா?” என்றான் கஸ்பார்.

அன்றைக்குச் சாயந்தரமே கோயில் வாசல் கடைக்குப் போய் ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கிவந்து, சேலைக்கு நடுவில் வைத்து மூட்டை கட்டினாள்.

பதினோரு வருசத்துக்கு முன்னால், அறுபத்து ரெண்டில், இந்தப் பக்கத்துச் சனம் கூட்டம் கூட்டமாக ரோட்டு வேலைக்குப் போனது. மழை இல்லை, வேலை இல்லை. மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றினால் எந்த ஊர் என்று கேட்பாரில்லை. கஸ்பாரும் மிக்கேலம்மாளும் ஒன்றரை வயசுப் பையன் சவுரியப்பனைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் கொடைக்கானல் மலை ரோட்டுக்குப் போனார்கள். ஆண்கள் பாறை உடைத்தார்கள். பெண்கள் இரும்புச் சட்டியில் ஜல்லி சுமந்தார்கள். ரோட்டோரம் தார்ப்பாய்க் கூடாரம். மேலே வெள்ளைக்காரர் கட்டிய ஊரும் ஏரியும் இருப்பதாகச் சொன்னார்கள். கூலிக்காரர் யாரும் அதுவரை ஏறிப் பார்க்கவில்லை. ரோடு எதுவரை வந்ததோ அதுவரைதான் அவர்களுக்கு மலை.

மழை பிடித்ததும் கூடாரத்தில் வாந்தியும் பேதியும் வந்தது. சவுரியப்பன் இரண்டு நாளில் போய்விட்டான். மிக்கேலம்மாளும் அதே நோயில் சுருண்டு கிடந்தாள். எழுந்து நடக்க முடிந்திருந்தாலும் குழிக்குப் பொம்பளை போகிற வழக்கமில்லை. மேஸ்திரி வேறு ஆளை விடவில்லை. “ஒரு சின்னப் புள்ளைக்கு எத்தன ஆளு வேணும்? நீ போயிட்டு வா” என்றுவிட்டான்.

கஸ்பார் தனியாகப் போனான். அந்த வாரம்தான் அவனும் இன்னும் இரண்டு பேரும் பதினோராம் மைல் கல்லை நட்டிருந்தார்கள். ரோட்டில் அடையாளம் சொல்வதற்கு அதைவிட உறுதியான பொருள் அவனுக்குத் தெரியவில்லை. கல்லின் பின்புறம், மலைச் சுவரை ஒட்டிக் கடப்பாரையால் தோண்டினான். இடுப்பளவுக்குக் கீழே பாறை. பையனை அவளுடைய பழைய சேலையில் சுற்றிக் கிடத்தி, மண் போட்டு, நரி பறிக்காதபடி மேலே ஜல்லி பரப்பினான். அப்புறம் உளியை எடுத்து மைல் கல்லின் பின்பக்கத்தில் ஒரு சிலுவை வெட்டினான். மழை. கடைசி அடியில் உளி வழுக்கி, சிலுவையின் வலது கை சில்லாகத் தெறித்துப் போனது. அந்த இடம் குழியாக நின்றது.

திரும்பிவந்து அவளிடம் எல்லாம் சொன்னான். அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வத்தி ஏற்றும்போது, மிக்கேலம்மாள் வீட்டு வாசற்படியில் ஒரு வத்தி ஏற்றிவைத்து, “சொல்லு” என்பாள். அவன் சொல்லுவான். கடப்பாரை பாறையில் பட்டு நெருப்புப் பறந்தது, ஜல்லி பரப்பினது, உளி வழுக்கினது.

“வலது கையா, எடது கையா?”

“வலது.”

“பாவம், கை இல்லாத சிலுவை” என்பாள். வேறு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவில்லை. இருந்த ஒரு பிள்ளைக்கு இந்தக் கதை ஒன்றுதான் மிச்சம்.

மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது கஸ்பாருக்குத் தெரியும். ஊர் ரோட்டில் பழைய கல்லுக்கே சுண்ணாம்பு அடித்து, தலைக்கு மஞ்சள் பூசி, புது நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். அங்கேயும் அதுதான் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். என்ன நம்பர் எழுதினால் என்ன? கல் அவன் கல்.

ஏற்காட்டில் ஏரிக் கரையோரம் வண்டி நின்றது. தொரையும் தொரசாணியும் படகில் போனார்கள். மிக்கேலம்மாள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஊட்டியில் பல் கிட்டும் குளிர். வண்டிக்குள்ளே தொரைக்கும் தொரசாணிக்கும்தான் இடம். கஸ்பார் வண்டியின் பக்கவாட்டில் தார்ப்பாயைக் கட்டி, மூலைக்கு மூலை கல் வைத்தான். தொரசாணி நல்லவள், ஒரு கம்பளி கொடுத்தாள்.

“மூந்து பாரு. அதே வாசம்” என்றாள் மிக்கேலம்மாள் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு. “அன்னிக்கும் தார்ப்பாய், இன்னிக்கும் தார்ப்பாய். வூட்டு வண்டியில வந்த லட்சணம்.”

“தூங்கு புள்ள.”

“கொடைக்கானலு எப்ப?”

“நாளன்னிக்கு.”

காலையில் தொரசாணி ஏரியைக் காட்டி, “மிக்கேலம்மா, அழகு! பார்!” என்றாள்.

“அழகுதாங்கம்மா” என்றாள் மிக்கேலம்மாள். அவள் கண் ரோட்டோரத்துக் கல்லில் இருந்தது. ஊட்டி வந்த வழியெல்லாம் அவள் கல்லைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொடைக்கானல் மலை அடிவாரத்தில் தொரை வண்டியை நிறுத்தினார்.

“கஸ்பார். பதினோரு மைல். எங்க இருந்து?”

“அடிவாரத்துல இருந்துங்க தொரை.”

“அடிவாரம் எங்க?”

கஸ்பார் சுற்றிப் பார்த்தான். அந்தக் காலத்தில் ஒரு சுங்கக் கொட்டகை இருந்தது. இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கிற திடலும் இரண்டு ஓட்டலும் இருந்தன. இங்கேதான் இருந்திருக்கும் என்று ஓட்டல் பக்கம் கையைக் காட்டினான். தொரை மீட்டரைப் பார்த்து, விரலால் கணக்குப் போட்டு, “பதினேழு, இன்னும் கொஞ்சம் கிலோமீட்டர்” என்றார். அவருக்கு அதில் ஒரு உற்சாகம். கிணற்றுக்கு இடம் குறிக்கும்போதும் அவர் இப்படித்தான் இருப்பார்.

வண்டி ஏறியது. கஸ்பார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வந்தான். முதல் கல் வந்தது. புதுக் கல். சிமெண்டில் வார்த்த கல். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். உளி படாத, வழவழவென்ற, குட்டையான கற்கள், எல்லாம் ஒரே அச்சு. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“என்னா, தெரியுதா?” என்றாள் மிக்கேலம்மாள்.

“இன்னும் மேல போவணும்.”

ரோடு அவன் போட்ட ரோடாகவே இல்லை. இரண்டு லாரி எதிரெதிரே போகிற அளவுக்கு அகலம். மலைச் சுவரை வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்டின மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி மட்டமாக்கியிருந்தார்கள். வளைவுகள் சிலது காணவே இல்லை. தொரை மீட்டரைப் பார்த்தபடி ஓட்டி, ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தினார்.

“இங்க” என்றார்.

பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று திடல் கட்டி, இடுப்புயரம் சுவர் வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவன் வேர்க்கடலை விற்றான். கஸ்பார் இறங்கி நின்றான். அவன் தோண்டின இடத்துக்கு எதிரே ஒரு நாவல் மரம் இருந்தது. இங்கே மரமே இல்லை. மலைச் சுவர் இருந்த இடம் இப்போது நடு ரோடாக இருக்கலாம். இந்தத் திடலுக்கு அடியில் இருக்கலாம். இதற்கு அரை மைல் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். காலால் மண்ணைத் தேய்த்தான். புது மண்.

மிக்கேலம்மாள் இறங்கினாள். கோயிலுக்குப் போகிற மாதிரி முக்காடு போட்டிருந்தாள். கையில் ஒரு வத்தி. சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நேராக அவன் முகத்தைத்தான் பார்த்தாள். மழையில் நனைந்து, வெறுங்கையோடு கூடாரத்துக்குள் அவன் குனிந்து நுழைந்த அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தாள்.

“இங்கதான்” என்றான் கஸ்பார்.

“கல்லக் காணமே?”

“மண்ணு கொட்டி மேடாக்கிட்டாங்க பாரு. கல்லு கீழ நிக்குது.” சுவரின் அடியைக் காட்டினான். “அவன் தலமாட்டுல அப்பிடியே நிக்குது.”

அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். காற்று வத்தியைப் பற்றவிடவில்லை. தொரை வந்து தன் லைட்டரைக் கொடுத்து, குனிந்து தொப்பியால் காற்றை மறைத்தார். வத்தி பிடித்தது. மிக்கேலம்மாள் தரையில் உள்ளங்கையை வைத்தாள். வைத்ததும் அழுகை வெடித்தது. செத்த அன்றைக்கு நோயில் நாக்கு வறண்டு அழமுடியாமல் கிடந்தவள், பதினோரு வருசத்துக்கும் சேர்த்து ரோட்டோரத்தில் கத்தி அழுதாள். போட்டோ எடுத்தவர்கள் மெல்ல நகர்ந்து போனார்கள்.

வேர்க்கடலைக்காரன் கஸ்பாரிடம் வந்தான். “யாருண்ணே வுழுந்தது?”

“யாரும் வுழல. எம் பையன். இங்க பொதைச்சிருக்கு.”

“இங்கயா? இது போன வருசம் கட்டின எடமாச்சே.”

“நீ கடலைய வித்துக்கிட்டுப் போடா” என்றான் கஸ்பார்.

வண்டி மறுபடி ஏறியபோது மிக்கேலம்மாள் வேறு ஆளாக இருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, தொரசாணி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றாள். “இருந்திருந்தா இப்ப பன்னெண்டு முடிஞ்சிருக்கும். இந்த வண்டியில ஏத்திட்டா எறங்குவானா அவன்? தொரையத் தள்ளிட்டு அவனே ஓட்டுவான்” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கஸ்பார் எத்தனையோ வருசமாகப் பார்க்கவில்லை. பொய்தான். ஒரு பொய்யில் அவள் வயிறு குளிர்ந்தால் போகட்டும் என்று நினைத்தான். எடம் அதுவாகவே இருந்தாலும் இருக்கும். மீட்டர் பொய் சொல்லுமா?

மேலே போகப் போக வண்டி கொதித்தது. தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை முன்னால் தொரை நிறுத்தினார். கஸ்பார் வாளியோடு ஓடி, தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு ஊற்றினான். மிக்கேலம்மாள் கடைக்கு வெளியே கிடந்த கல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள். இரண்டு துண்டுக் கல்லின்மேல் படுக்கப் போட்டிருந்த ஒரு நீளக் கல்.

கஸ்பார் இரண்டாவது வாளியைத் தூக்கும்போது திரும்பிப் பார்த்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்திருந்தாள். வலது கை கல்லின்மேல் இருந்தது. ஒரு விரல் மேலிருந்து கீழே போயிற்று. அப்புறம் நடுவுக்கு வந்து இடது பக்கம் போயிற்று. திரும்பி வலது பக்கம் போனது, குழியில் விழுந்து நின்றது. மறுபடியும் அதையே செய்தாள்.

கஸ்பார் வாளியை வைத்துவிட்டு வந்தான்.

“இந்தக் கல்லு ஏதுண்ணே?” என்று டீக்கடைக்காரனைக் கேட்டாள் மிக்கேலம்மாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“பழைய மைல் கல்லும்மா. கிலோமீட்டர் போட்டப்ப எல்லாத்தையும் பேத்துத் தள்ளிட்டாங்க. லாரிக்காரன் ஒருத்தன் ரெண்ட எறக்கிட்டுப் போனான். ஒண்ணு இப்பிடி குந்தறதுக்கு, ஒண்ணு பின்னால துணி தொவைக்க.”

“எந்த எடத்துக் கல்லு?”

“யாரு கண்டா? மேலயோ, கீழயோ. ஏம்மா, நல்லா இல்லயா? உக்காரக் குளுகுளுன்னு இருக்கும்.”

கஸ்பார் குனிந்து கல்லின் அடியில் கையை விட்டுத் தடவினான். உளியால் வெட்டின இரண்டு நேர்க்கோடு விரலுக்குக் கிடைத்தது. ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. பதினொன்று. கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றான்.

“கீழ நிக்குதுன்ன” என்றாள் மிக்கேலம்மாள்.

அவன் கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தான்.

“தலமாட்டுல நிக்குதுன்ன.”

“மிக்கேலா, கல்லத்தான் பேத்துட்டாங்க. எடம் அதுவாத்தான் இருக்கும். தொரை மீட்டர் பாத்துத்தான…”

“மீட்டரா பொதைச்சுது?”

டீக்கடைக்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் எழுந்து, கல்லில் சிந்தின டீயை முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். அவளுடைய டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது. கஸ்பார் காசு கொடுத்தான். அந்தக் கல்லைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் யோசித்தான். போட்டு? ஊருக்குக் கொண்டுபோய்? பையன் இல்லாத கல்லை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

சாயந்தரம் கொடைக்கானல் ஏரிக்கரையில் வண்டி நின்றது. தொரையும் தொரசாணியும் கைகோத்துக்கொண்டு கரையோரம் நடந்து போனார்கள். ஏரியில் மேகம் இறங்கிக் கிடந்தது. மிக்கேலம்மாள் வெளியே அடுப்பு மூட்டி உலை வைத்தாள். கஸ்பார் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “மாதா மேல ஆணையா சொல்லு. நீ குழி வெட்டினியா?”

“என்னா பேச்சு பேசற?”

“பக்கத்துக் கூடாரத்து மாதுவோட கொழந்த செத்தப்ப மழையா இருக்குதுன்னு பள்ளத்துலதான் வீசிட்டு வந்தாங்க. மேஸ்திரிதான் வீசச் சொன்னான். கூடாரத்துல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். நீயும் அன்னிக்கு வெரசா திரும்பி வந்துட்ட.”

“மாதா மேல ஆணையா வெட்டினேன் மிக்கேலா. பாறை வந்திடுச்சு. ஜல்லி போட்டேன். நெருப்புப் பறந்துச்சு கடப்பாரையில…”

“சிலுவை வெட்டின. அது தெரியுது. வெறும் கல்லுல யாரு வேணுன்னாலும் சிலுவை வெட்டலாம்.”

“அப்ப உனக்கு நம்பிக்கை இல்லியா?”

“காலையில என் மூஞ்சியப் பாத்து இங்கதான்னு சொன்ன பாரு. அன்னிக்குக் கூடாரத்துல வந்து சொன்னப்பவும் இதே மூஞ்சிதான்.”

சொல்வதற்கு அவனிடம் புதுசாக ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் பதினோரு வருசமாகச் சொன்ன அதே நெருப்பு, அதே ஜல்லி, அதே உளி. இப்போது அவன் காதுக்கே அது ஜோடித்த கதை மாதிரிக் கேட்டது.

தொரசாணி திரும்பிவந்தபோது மிக்கேலம்மாள் மூட்டையை அவிழ்த்து, மிச்சமிருந்த மெழுகுவத்திக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்கம்மா. வண்டியில ஏத்திக்கிங்க.”

“மிக்கேலம்மா! உனக்கு வேண்டாம்?”

“எனக்கு எதுக்குங்க.”

தொரசாணிக்குச் சந்தோசம். மடக்கு மேசையை விரித்து, வத்திகளை வரிசையாக நிறுத்தி ஏற்றினாள். பூப்போட்ட ஜன்னல் துணியை ஒதுக்கிவிட்டாள். வெளிச்சம் கரையில் விழுந்தது. “கஸ்பார்! மிக்கேலம்மா! வா, பார்! அழகு!” என்று உள்ளிருந்து கூப்பிட்டாள்.

வத்தி எரியும்போதெல்லாம் மிக்கேலம்மாள் “சொல்லு” என்பாள். கஸ்பார் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே காத்திருந்தான். அவள் சட்டியை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கட்டுவதை நிறுத்தினான்.

“அன்னிக்கு மழையில நான் போனப்ப…” என்று தானாகவே ஆரம்பித்தான்.

“தண்ணி எடுத்துக்கிட்டு வா” என்றாள் அவள். “பாத்திரம் காயுது.”

கஸ்பார் வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினான்.